பல்லி மச்சானின் கழுத்து

செத்துப்போனவரைப் பற்றி எழுதினால் நல்லதாகத்தான் எழுத வேண்டியிருக்கும். என் மச்சான் உயிரோடுதான் இருக்கிறார், திடமாகவே இருக்கிறார். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

அவர் என் அக்கா புருஷன். சாரம் கட்டுவது தொழில். ஒரு கட்டடம் எழும்பும்போது, பூசுகிறவனும் பெயிண்ட் அடிக்கிறவனும் ஏறி நிற்பதற்காக அதைச் சுற்றி இரும்புக் குழாயில் ஒரு கூடு எழும்புமே, அதுதான் சாரம். குழாயை நிறுத்தி, குறுக்கே இன்னொன்றை வைத்து, கிளாம்ப் போட்டு முறுக்கி, மேலே பலகை பரப்பி, அந்தப் பலகையில் நின்றபடியே அடுத்த தட்டைக் கட்டுவோம். கட்டடம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவோம். நாம் கட்டியது ஒன்றுகூட நிற்பதில்லையே என்று ஒருதரம் மச்சானிடம் சொன்னேன். நின்றுவிட்டால் வீட்டுக்காரன் ஜன்னலை எப்படித் திறப்பான் என்று கேட்டார். அவ்வளவுதான் அவருடைய தத்துவம்.

வேலைத்தளத்தில் அவருக்குப் பெயர் பல்லி. சுவரோடு ஒட்டிக்கொண்டே ஏறுவார். முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாலும் கோபம் வராது, பெருமைதான். பல்லி கீழே விழுந்து பார்த்திருக்கிறாயா என்று புது ஆட்களைக் கேட்பார். நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பால் பாத்திரத்திலேயே விழுந்திருக்கிறது. ஆனால் அக்கா புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

வேலை வெட்டி இல்லாமல் திரிந்த என்னைச் சாரத்தில் ஏற்றிவிட்டவர் அவர். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் சொல்லிவிட்டேன். மேலே இருக்கும்போது அவர் ராஜா. தரையில் இறங்கிவிட்டால் இரவல் வாங்கி வந்த ஆள் மாதிரி இருப்பார். வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்றுகூடத் தெரியாமல் வாசற்படியில் நிற்பார். மகளுக்குப் பள்ளியில் எந்த வகுப்பு என்று கேட்டால் அக்காவைப் பார்ப்பார். சாரத்தில் ஏறாத மச்சான் என்று ஒரு ஆளை யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. சாரத்தைக் கழற்றும்போது மேல்தட்டில் நிற்பவர் குழாயைக் கீழே இறக்குவார், கீழ்த்தட்டில் நிற்பவன் வாங்குவான். மற்ற ஆட்கள் எல்லாம் "பிடிச்சிட்டேன்" என்று கீழிருந்து சத்தம் வந்த பிறகுதான் கையை விடுவார்கள். அதுதான் முறை. எங்களுக்குள் அந்தச் சத்தம் கிடையாது. மச்சான் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, இடது கையால் நிமிர்ந்து நிற்கும் குழாயைக் கட்டிப்பிடித்து, வலது கையால் குழாயை இறக்கி, கை முழுதும் நீண்டதும் விட்டுவிடுவார். கீழே பார்க்க மாட்டார். என் கை அங்கே இருக்கும். இருபது வருஷமாக இருந்தது. தன் கையைத் தானே பார்க்கிறவன் வேறு வேலைக்குப் போகலாம் என்பார். நானும் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

குழாய் சுமந்த கழுத்து எத்தனை நாள் சும்மா இருக்கும்? வலது தோளில் பாரம், தலை இடது பக்கம் சாய்ந்தபடி, கண் எப்போதும் மேலே. முதலில் கழுத்தில் பிடிப்பு என்றார். பிறகு வலி தோளில் இறங்கியது. அப்புறம் கை வழியாகக் கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் அடித்த மாதிரி ஓட ஆரம்பித்தது. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்புவார். கழுத்துப் பட்டை போட்ட நாய்கூட இவரைவிட நன்றாகத் திரும்பும் என்று பூசுவேலைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருநாள் கிளாம்ப் முறுக்கும் சாவி கையிலிருந்து நழுவி, சிமெண்ட் மூட்டையில் விழுந்தது. ஆள் மேல் விழவில்லை. ஆனால் காண்ட்ராக்டர் பார்த்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் நரம்பு நசுங்குகிறதாம். அறுவை எதுவும் இப்போதைக்கு வேண்டாம், பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார் டாக்டர். பிசியோதெரபி அம்மா சரி என்று சொன்னால்தான் மேலே ஏறலாம் என்று காண்ட்ராக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மச்சானுக்கு முகம் செத்துப்போயிற்று. வலியைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவரைப் படுக்கவைத்தது.

ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த இடம். பச்சைத் திரைகள், மரக்கட்டில், சுவரில் ஒரு ஃபேன், மூலையில் சக்கரம் வைத்த ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து நண்டுக்கு இருப்பதுபோல இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. கைகளின் நுனியில் தட்டையான வட்டங்கள். இதைத்தான் எல்லோரும் கரண்டு வைக்கிறது என்கிறார்கள். கரண்டு உடம்பில் ஏறாது, தோலைச் சுடாமல் உள்ளே இருக்கிற சதையைச் சூடாக்கும், அந்தச் சூட்டில் இறுக்கம் விட்டு வலி குறையும் என்று அந்த அம்மா விளக்கினாள். அம்மா என்றால் என் மகள் வயதுதான் இருக்கும். மச்சானை ஐயா என்று கூப்பிட்டாள்.

உடம்பில் இரும்பு இருக்கக்கூடாது என்றாள். மச்சான் கடிகாரத்தைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், பின்பாக்கெட்டிலிருந்து கிளாம்ப் சாவி, இடது பாக்கெட்டிலிருந்து இரண்டு நட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு போல்ட் என்று எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டே போனார். ஆளையே கழற்றி வைக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறதே என்று அவள் சிரித்தாள். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் சுடுதண்ணீரும் இன்னொன்றில் குளிர்ந்த தண்ணீரும் வைத்துக்கொண்டு கழுத்திலும் தோளிலும் மாற்றி மாற்றித் தொட்டு, எது சூடு எது குளிர்ச்சி என்று கேட்டாள். சூடு தெரியாத தோலில் இந்தப் பெட்டியை வைத்தால் வெந்துபோனாலும் ஆளுக்குத் தெரியாதாம். மச்சானுக்குத் தெரிந்தது. வியர்வையைத் துடைத்து, துண்டு விரித்து, வட்டங்களைச் சரிபார்த்து, பெட்டியைத் திருகினாள்.

சூடு பத்தவில்லை, இன்னும் ஏற்று என்று மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தார். இதமாக இருந்தால் போதும், பொறுத்துக்கொள்வதற்கு இது வெயில் இல்லை என்று அவள் மறுத்துவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சூடு வேலை செய்தது. நாலைந்து முறை போனதிலேயே அவர் இரவில் வலியில்லாமல் படுத்துத் தூங்கினார். கட்டைவிரலுக்கு ஓடிய மின்சாரம் முழங்கையோடு நின்றது. பிறகு தோளோடு நின்றது. மச்சானுக்கு அந்தப் பெட்டிமேல் காதலே வந்துவிட்டது. போகிற இடமெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. அக்காவையே அவர் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

ஆனால் அந்தப் பெண் பெட்டியோடு விடவில்லை. ஒருநாள் அவரைச் சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்காரவைத்தாள். சுவரில் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்ட காகிதம். தலையில் ஒரு பட்டை, பட்டையின் முன்னால் சிவப்பு ஒளி அடிக்கிற சின்ன விளக்கு. நேராகப் பார்த்தால் சிவப்புப் புள்ளி வட்டத்தின் நடுவில் விழும். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கம் முழுதும் திருப்பி, மறுபடியும் நேராக வந்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். மச்சான் திருப்பினார், வந்தார், நிறுத்தினார். புள்ளி காகிதத்தின் ஓரத்துக்குப் போயிருந்தது. மறுபடியும் செய்தார். காகிதத்தையே தாண்டிவிட்டது.

"கண்ண மூடிக்கிட்டே சட்டைப் பட்டன் போடுறீங்கல்ல ஐயா? கை எங்க இருக்கு, தல எந்தப் பக்கம் இருக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். அந்தக் கணக்குல பாதி கழுத்துலதான். உங்களுக்கு வலி குறைஞ்சிருக்கு. கணக்கு இன்னும் சரியாகல."

"நேரு எதுன்னு எனக்கு நீ சொல்லித் தர்றியாம்மா?" என்றார் மச்சான்.

அவள் கோபப்படவில்லை. இதற்குச் சூடு மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்றாள். ஒரு விளக்கையும் காகிதத்தையும் கொடுத்து, வீட்டில் தினமும் செய்யச் சொன்னாள். அக்கா அந்தக் காகிதத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டினாள். மச்சான் அதன்மேல் ஆணி அடித்துச் சட்டை மாட்டினார். வலிக்கிறவனுக்குத்தான் வைத்தியம், வலிக்காத இடத்துக்கு எதற்கு என்பது அவர் வாதம். தலையில் விளக்கு கட்டிக்கொண்டு சுவரைப் பார்ப்பதற்குத் தான் என்ன சர்க்கஸ்காரனா என்று அக்காவிடம் எரிந்து விழுந்தார்.

ஆனால் பாருங்கள், அடுத்தடுத்த முறை சோதித்தபோது புள்ளி நடுவில் வந்து நின்றது. வலது பக்கம் திருப்பினாலும் இடது பக்கம் திருப்பினாலும் பசை வைத்த மாதிரி நடுவிலேயே. நானே பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கே ஆச்சரியம். ஒழுங்காகப் பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினாள். கூட வந்திருந்த அக்கா தரையைப் பார்த்தாள். முதலில் தாழ்வான வேலை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே என்று சொல்லி அந்தப் பெண் அனுப்பிவைத்தாள்.

தாழ்வான வேலையை மச்சான் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார். அப்போது ஒரு பெரிய கட்டடத்தின் முகப்பில் சாரம் கழற்ற வேண்டியிருந்தது. அவசரம். நாளைக்கே கண்ணாடி மாட்ட ஆள் வருகிறான் என்று காண்ட்ராக்டர் துடித்தார். மச்சான் யாரையும் கேட்கவில்லை, ஏறிவிட்டார். மேல்தட்டில் அவர். கீழ்த்தட்டில், வேறு யார், நான்தான். பல்லி ஏறியாச்சு என்று கீழே கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

முதல் குழாய் சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. அடுத்தது என் கைக்கு வெளியே வந்தது. அதிகம் இல்லை, ஒரு கை அகலம் இருக்கும். விரல் நுனியில் பட்டது, பிடி கிடைக்கவில்லை. அவர் கை முழுதும் நீண்டுவிட்டது, விட்டுவிட்டார். குழாய் என் ஹெல்மெட்டில் இடித்து, சரிந்து, வலது தோளில் இறங்கியது. பாதுகாப்புப் பெல்ட் மாட்டியிருந்ததால் நான் விழவில்லை, சாரத்தில் தொங்கினேன். குழாய் கீழே மணல் குவியலில் போய்க் குத்தி நின்றது. அங்கே ஆள் இல்லை.

காறை எலும்பு முறிந்திருந்தது. தோள்மூட்டும் இடம் மாறியிருந்தது. எலும்பு ஒட்டிவிடும், கை மட்டும் இனி தலைக்கு மேலே போகாது என்றார்கள்.

மறுநாள் அக்காவும் மச்சானும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டே அழுதாள். மச்சான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். வருத்தம் தெரிவிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"கைய ஏன் மாப்ள நகர்த்தின?" என்றார்.

நான் நகர்த்தவில்லை என்றேன். என் கை எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது, உங்கள் கைதான் தள்ளி வந்தது என்றேன். அவர் சிரித்தார். பொய்ச் சிரிப்பு இல்லை, மனதாரச் சிரித்தார். என் கை போன இடம் எனக்குத் தெரியாதா என்றார். அடிபட்டவனுக்கு எதுவும் சரியாக ஞாபகம் இருக்காது என்று அக்காவுக்கு விளக்கம் சொன்னார். அப்புறம்தான் அதைச் சொன்னார்:

"அந்தப் பொண்ணு வச்ச பரீட்சையிலேயே அச்சு மாதிரி நடுவுல நிறுத்தினவன் நான். எப்படின்னு நினைக்கிற? எதிர்ல ஃபேன் ஓடுதுல்ல. காத்து ரெண்டு காதுலயும் சமமா பட்டா நேரு. மேல நிக்கிறவனுக்கு இதெல்லாம் சொல்லியா தரணும்?"

திருட்டுத்தனமாகச் சொல்லவில்லை. தன் திறமைக்குச் சாட்சியாகச் சொன்னார். சாரத்தில் நிற்கிறவன் காற்று எந்தக் காதில் அடிக்கிறது என்று வைத்தே எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று சொல்லிவிடுவான், உண்மைதான், நானும் செய்வேன். அதையே அந்த நாற்காலியிலும் செய்திருக்கிறார். கழுத்து கெட்டபடியே இருந்திருக்கிறது, நேர் சொன்னது ஃபேன். அது ஏமாற்று என்று அவருக்கு இன்றுவரைக்கும் தோன்றவில்லை. எனக்கு மருந்து மயக்கம் எல்லாம் ஒரே நொடியில் தெளிந்துவிட்டது.

காண்ட்ராக்டர் வந்தார். யாரோ ஒருத்தர் தப்பு, தப்பு செய்தவரை இனி மேலே ஏற்ற மாட்டேன் என்றார். என் கை இனிமேல் உயராது, என்னை எங்கே ஏற்றுவது? ஆக, கேள்வி மச்சானைப் பற்றித்தான். நான் ஃபேன் கதையைச் சொன்னேன். வார்த்தை விடாமல் சொன்னேன். சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சொந்தக்காரனைக் காட்டிக்கொடுத்தவன் என்று அக்கா வீட்டுப் பக்கம் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்கள் யாருக்கும் தோள் உடையவில்லை.

காண்ட்ராக்டர் அதை அந்தப் பெண்ணிடம் சொல்லி, இன்னொரு முறை சோதிக்கச் சொன்னார். மறுபடியும் அந்த மாடி அறை. இந்தமுறை கையைத் தூளியில் கட்டிக்கொண்டு நானும் ஒரு நோயாளி. மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் நின்றாள். அந்தப் பெண் தலைப்பட்டையைக் கட்டிவிட்டு, போய் ஃபேனை நிறுத்தினாள். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணை மூடினார்.

தலையைத் திருப்பினார், திரும்பி வந்தார், நிறுத்தினார். வந்துவிட்டேன் என்றார். முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. சிவப்புப் புள்ளி காகிதத்தை விட்டுவிட்டு, சுவரில் இருந்த சுவிட்சுப் பெட்டிமேல் விழுந்திருந்தது. கண்ணைத் திறந்து பாருங்கள் ஐயா என்றாள். பார்த்தார். புள்ளியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தை நகர்த்திவிட்டீர்கள் என்றார்.

யாரும் தொடவில்லை என்றாள் அவள். இது சரியாகக்கூடியதுதான், ஒழுங்காகப் பயிற்சி செய்தால் திரும்ப வரும், நானே கூட இருந்து செய்யவைக்கிறேன், அதுவரைக்கும் உயரம் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னாள். மச்சான் காதில் எதுவும் ஏறவில்லை. அக்கா பக்கம் திரும்பினார், உடம்போடு சேர்த்து.

"நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன? நகர்த்தினாங்களா இல்லையா?"

அக்கா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தூளியில் கிடந்த என் கையையும் பார்த்தாள்.

"ஆமாங்க, நகர்த்தினாங்க."

அந்தப் பெண் விளக்கை அணைத்துவிட்டாள். நான் என் சொந்த அக்காவை அதற்குமுன் அப்படிப் பார்த்ததே இல்லை. படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன். மேலே ஏறாவிட்டால் அந்த மனிதர் வீட்டில் என்ன ஆவார் என்று உனக்குத் தெரியுமா, நீயா வந்து பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்றாள். உனக்கு எலும்புதானே போயிற்று என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு அவள் வரவில்லை.

மச்சான் வேறு ஒரு இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே பெட்டி மட்டும்தான், தலைப்பட்டை இல்லை, காகிதம் இல்லை. சூடு வைத்துக்கொண்டார். வலி சுத்தமாகப் போயிற்று. வலி இல்லை என்றதும் அங்கே சரி என்று சொல்லிவிட்டார்கள். புதுக் காண்ட்ராக்டர் ஒருவர் சேர்த்துக்கொண்டார், அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. பல்லி மறுபடியும் ஏறிவிட்டது.

கேள்விப்பட்டு அந்தத் தளத்துக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வாசலில் நின்ற மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கழுத்து, நரம்பு, குழாய், ஃபேன். ஃபேன் என்றதும் அவருக்கு வாய் கோணிக்கொண்டது. நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். மச்சான் முறை என்றேன். சொத்துத் தகராறா என்றார். இல்லை என்றேன். சந்தேகத்தோடு போனை எடுத்து மேலே பேசினார். ஐந்தாவது தட்டிலிருந்து ஒரு உருவம் குனிந்து பார்த்தது. கையைக்கூட ஆட்டியது. மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"தோள்ல அடிபட்டதுல இருந்து உங்களுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரின்னு சொல்றாரு. பத்திரமா பஸ் ஏத்தி விடச் சொன்னாரு."

பஸ் எல்லாம் வேண்டாம் என்றேன். சாரத்தையொட்டி நடைபாதையில் ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். யாரைத் தடுப்பது, என்ன என்று சொல்வது? நான் மட்டும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமாகவே நடந்து வீட்டுக்கு வந்தேன்.